டென்சில் ட்ரெம்பத்தின் தேநீர்ப் பரீட்சை

டென்சில் ட்ரெம்பத் தேயிலைப் பையை டோஸ்டருக்குள் போட்டு, பிடியைக் கீழே அழுத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெரிட்டி பாஸ்கோவின் பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்பத்தோரு வயது மனிதர் ஊன்றுகோலைச் சமையல் மேடையோரம் சாய்த்துவைத்து, மேல் அலமாரியை எட்டிக் கோப்பையை எடுத்து, மின் கெட்டிலில் அளவாகத் தண்ணீர் பிடித்து, சிந்திய இரண்டு சொட்டையும் துடைத்து, துடைத்த துணியைப் பிழிந்து கம்பியில் காயப்போட்டிருந்தார். படிவத்தில் இருந்த பன்னிரண்டு கட்டங்களில் ஒன்பதில் டிக் விழுந்திருந்தது. பத்தாவது கட்டம், தேயிலையைக் கோப்பையில் இடுவது.

"மிஸ்டர் ட்ரெம்பத், நாம டீதானே போடறோம்?"

"ஆமா கண்ணு. இப்ப ஆயிடும்."

ஆவதற்கு முன் புகை வந்தது. வெரிட்டி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். கருகிய இலையின் நாற்றம் வார்டு வரைக்கும் போய், தலைமை நர்ஸ் நோலீனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

"என்ன நாத்தம் இது?"

"டீ, சிஸ்டர்," என்றாள் வெரிட்டி.

"எங்க வீட்டு டீ இப்படி நாறாது. ஃபெயில்னு எழுதிட்டு வா. பத்து நாளா நாலாம் நம்பர் கட்டில் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அவசரப்படாதீங்க சிஸ்டர். இது அவர் தப்பு இல்ல. டோஸ்டரையும் கெட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சது நம்ம தப்பு. மனுஷன், சூழல், செயல். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். இங்க சூழல் சரியில்ல."

"என் சூழல்ல ரெண்டு நோயாளி காலைலேர்ந்து நாற்காலியில உக்காந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டு நோலீன் போனார்.

போர்ட் ட்ரெலோ என்ற சின்னத் துறைமுக ஊரின் ஆஸ்பத்திரியில் மொத்தம் பதினெட்டுக் கட்டில்கள். நாலாம் நம்பர்க் கட்டில்காரரான டென்சில் நாற்பது வருடம் துறைமுகப் பாலத்தில் கப்பல்களுக்குக் கோதுமை ஏற்றியவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எலுமிச்சை பறிக்க ஏணியில் ஏறி, எலுமிச்சைக்கு முன்பாகத் தானே கீழே வந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். அடிலெய்டில் ஆபரேஷன் முடிந்து இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். கால் நடக்கிறது என்றான் பிசியோதெரபிஸ்ட் லாக்லன். இனி அவரால் வீட்டில் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று சொல்லவேண்டியவள் வெரிட்டி மட்டும்தான். அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

அந்தப் பதவியின் பெயரை ஊரில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களே குறைவு. என்ன செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. வேலையில்லாதவர்களுக்கு வேலை வாங்கித் தருகிறாள் என்று அவளுடைய சொந்தச் சித்தப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் டென்சிலும் அதையேதான் நினைத்தார்.

"எனக்கு எண்பத்தொண்ணு ஆகுது கண்ணு. இனிமே எந்தத் தொழிலும் வேண்டாம்."

"சம்பளம் வாங்கற தொழில் இல்ல மிஸ்டர் ட்ரெம்பத். காலைல எழுந்ததுலேர்ந்து நீங்க செய்யற எல்லாமே தொழில்தான். குளிக்கறது, சட்டை போடறது, சமைக்கறது, தோட்டம், சீட்டாட்டம் எல்லாம். அதை நீங்களா செய்யறதுக்கு வழி பண்றதுதான் என் வேலை."

"தூங்கறது?"

"அதுவும்தான்."

"அப்ப அதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி."

லாக்லனுக்கும் வெரிட்டிக்கும் இடையில் ஒரு நிரந்தர எல்லைத் தகராறு உண்டு. கட்டிலிலிருந்து கழிவறை வாசல்வரை நடப்பது பிசியோவின் துறை. உள்ளே போய் உட்கார்வது ஆக்குபேஷனல் தெரபியின் துறை. உட்கார்ந்தவர் எழுந்திருப்பது யாருடைய துறை என்று ஆறு மாதமாகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் நோயாளிகள் எப்படியோ தாங்களாகவே எழுந்துகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், கண்ணாடி நடைபாதை ஒன்றைத் தாண்டினால் பெலிகன் கட்டிடம். தனியாக வாழ முடியாத முதியவர்களுக்கானது. வெளியிலிருந்து அதில் சேர இரண்டு வருடம் வரிசையில் நிற்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் கையெழுத்தோடு போனால் இரண்டே நாள். வெரிட்டிக்கு முன் இருந்த அம்மாள் அப்படிப் பத்தொன்பது கையெழுத்துப் போட்டிருந்தார். வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் வெரிட்டி ஒன்றுகூடப் போட்டதில்லை. அந்தக் கையெழுத்து ஒரு மனிதனின் சுதந்திரத்துக்கு வைக்கும் கொள்ளி என்று கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவளுடைய படிவத்தின் முதல் கேள்வி, 'நோயாளியின் சொந்த விருப்பம் என்ன?' என்பது. நோயாளியை மையமாக வைப்பதே இந்தத் தொழிலின் அஸ்திவாரம். அதில் வெரிட்டிக்கு அசைக்கமுடியாத நம்பிக்கை இருந்தது. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வார நோயாளிகள் எல்லோருடைய படிவத்திலும் 'வீடு திரும்புவது' என்று தானே எழுதி வைத்துவிடுவாள். நேரம் மிச்சம்.

இரண்டாவது பரீட்சைக்கு அவள் சூழலைச் சரிசெய்தாள். டோஸ்டர் அலமாரிக்குள் போனது. ஒவ்வொரு ஜாடியிலும் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டினாள். டீ. சர்க்கரை. உப்பு. காப்பி. கெட்டிலில்கூடக் கெட்டில் என்று ஒட்டினாள்.

"என் மேலயும் ஒண்ணு ஒட்டிடு," என்றார் டென்சில். "காலைல எழுந்தா எனக்கே சந்தேகமா இருக்கு."

அன்று பதினைந்து நாளுக்கொருமுறை அடிலெய்டிலிருந்து வரும் பெரிய டாக்டர் வந்திருந்தார். டென்சில் போட்ட டீ பார்க்க அழகாக இருந்தது. நிறம் சரி, ஆவி சரி, கோப்பைக்கு அடியில் தட்டுகூட இருந்தது. வெரிட்டி பெருமை தாங்காமல் அதை நேரே கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் ஒரு வாய் குடித்தார். குடித்தது முழுவதும் நாலாம் நம்பர்க் கட்டிலின் கேஸ் தாள்மேல் விழுந்தது.

"எத்தனை ஸ்பூன் போட்டீங்க?" என்று வெரிட்டி டென்சிலிடம் ஓடினாள்.

"மூணு. டாக்டராச்சே. சர்க்கரைன்னு எழுதியிருந்த ஜாடியிலேர்ந்துதான் போட்டேன். எழுத்துல இருக்கறதை நான் நம்பறவன்."

வெரிட்டி ஜாடியைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. ஒட்டியது அவள்தான். ஒட்டும்போது போனில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

"என் தப்பு மிஸ்டர் ட்ரெம்பத். நூத்துக்கு நூறு என் தப்பு. இதைக் கணக்குலயே எடுத்துக்கமாட்டேன்."

"அப்ப இதுவும் ஃபெயில் இல்லையா?"

"இல்லவே இல்ல. பயப்படாதீங்க. நான் உங்களைக் கைவிடமாட்டேன்."

டென்சில் நீளமாகப் பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு என்று வெரிட்டி குறித்துக்கொண்டாள்.

வாராந்தரக் கூட்டத்தில் நோலீன் மேஜையைத் தட்டினார். "ரெண்டு டீ ஆச்சு. ஒண்ணு எரிஞ்சது, ஒண்ணு கரிச்சது. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"அவரோட சொந்தச் சூழல் வேணும், சிஸ்டர். பழகின அடுப்பு, பழகின கெட்டில். வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்கறேன்."

"வீட்டு வாசல்ல நாலு படி இருக்கு," என்றான் லாக்லன். "படி என்னோடது. நானும் வரேன்."

டென்சிலின் வீடு துறைமுகத்தை ஒட்டிய தெருவில், பழைய பலகைச் சுவர் வீடு. காரிலிருந்து இறங்கியதுமே இருவருக்கும் படியில் தகராறு வந்துவிட்டது.

"அவர் கைப்பிடியைப் பிடிச்சு ஏறறாரா, பிடிக்காம ஏறறாரான்னு நான் பார்க்கணும்," என்றான் லாக்லன்.

"ஏன் ஏறறார்னு நான் பார்க்கணும்," என்றாள் வெரிட்டி.

"வீட்டுக்குள்ள போகத்தான் ஏறுவார். வேற எதுக்கு ஏறுவார்?"

"அதான் உங்க துறைக்குப் புரியாது. நீங்க காலைப் பார்க்கறீங்க. நாங்க வாழ்க்கையைப் பார்க்கறோம்."

"வாழ்க்கையும் காலாலதான் படி ஏறுது."

பத்து நிமிடம் கழித்து அவர்கள் திரும்பிப் பார்த்தபோது டென்சில் கொல்லைப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஒரு கட்டு விறகு. இன்னொரு கையில் கோடாலி. ஊன்றுகோல் எங்கே என்று தெரியவில்லை. படிகளில் சீட்டியடித்தபடி பாதி ஏறியவர், இருவர் வாயும் திறந்திருப்பதைப் பார்த்து நின்றார். விறகை மெதுவாகக் கீழே போட்டார்.

"யாரு வீடு இது?" என்று கேட்டார்.

"உங்க வீடுதான். ஐம்பது வருஷமா," என்றான் லாக்லன்.

"அப்படியா. நல்லா இருக்கு."

வெரிட்டி பரபரவென்று எழுதினாள். "பார்த்தியா லாக்லன். அஞ்சு வாரம் ஆஸ்பத்திரியில இருந்ததுல சொந்த வீடே புது இடமாயிடுச்சு. அவரைச் சீக்கிரம் இங்க கொண்டுவந்து சேர்க்கணும், இல்லன்னா மொத்தமா மறந்துடுவார்."

"விறகு வெட்டியிருக்கார் வெரிட்டி."

"அது கையோட ஞாபகம். தலையோட ஞாபகம் வேற."

குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்து, மறுநாளே ஆஸ்பத்திரிப் பராமரிப்பு ஆளை அனுப்பி ஒரு கைப்பிடிக் கம்பி மாட்டச் சொன்னாள். அந்த ஆள் டிரில்லோடு வந்து, டென்சிலுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"தாத்தா, சுவர் எப்படி? ஓட்டை போடலாமா?"

"தாராளமாப் போடு. நானே கட்டின சுவர். எழுபத்திரெண்டுல."

எழுபத்திரெண்டில் அந்த ஊரில் எல்லோரும் எதை வைத்துச் சுவர் கட்டினார்களோ அதையேதான் டென்சிலும் வைத்துக் கட்டியிருந்தார். மூன்றாவது ஓட்டையில் வெள்ளைத் தூள் பறந்தபோதுதான் அந்த ஆளுக்கு உறைத்தது. ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் நுரையீரலைத் தின்னும் தூள். டிரில்லை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். மதியத்துக்குள் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர் வந்து, வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, ஆறு வாரத்துக்கு யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று பலகை தொங்கவிட்டார்கள்.

செய்தியை டென்சிலிடம் சொல்ல வெரிட்டிக்கு நா எழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டென்சில் தலையை ஆட்டிக் கேட்டார்.

"அப்ப எனக்குன்னு வீடு இல்ல."

"ஆறு வாரத்துக்கு மட்டும்தான்."

"பரவால்ல கண்ணு. நீ மனசை விட்டுடாதே," என்று சொல்லி, இரண்டாவது கிண்ணம் புட்டிங் கொண்டுவரச் சொன்னார். எவ்வளவு பெரிய மனது என்று வெரிட்டி உருகிப்போனாள்.

நோலீன் உருகவில்லை. "போன வாரம் அவருக்கு வீடு இருந்தது, போக முடியல. இந்த வாரம் போக முடியும், வீடு இல்ல. உன் தொழிலோட பேரு என்னன்னு சொன்ன?"

வெரிட்டி அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கடைத்தெருப் பக்கம் ஊராட்சியின் சின்ன வாடகை வீடு ஒன்று காலியாக இருந்தது. அதில் தற்காலிகமாகத் தங்கலாம், ஆனால் தானாகப் போய்ச் சாமான் வாங்கத் தெரியவேண்டும் என்றார்கள். நாலாவது பரீட்சை சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது. பட்டியல் எளிது: ரொட்டி, பால், முட்டை.

வெரிட்டி ஐந்தடி பின்னால் நின்று கவனிக்கவேண்டும் என்பது விதி. பிஸ்கட் வரிசை திரும்பும் இடத்தில் ஒரு பெண்மணி அவளை நிறுத்தி, தன் மகனுக்கு ஏதாவது வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். தன் தொழில் அதுவல்ல என்று விளக்க மூன்று நிமிடம் ஆனது. விளக்கி முடித்தபோது டென்சில் இல்லை.

கடைக்குள் இல்லை. கடைத்தெருவில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. துறைமுகத்தில் நாற்பது வருடம் இருந்த மனிதர், கடலைத் தேடிப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். கடல்மீட்புத் தொண்டர்கள் இரண்டு படகை இறக்கினார்கள். வெரிட்டி பாலத்தின் முனையில் நின்று, அலையைப் பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நோலீன்.

"எங்க இருக்க?"

"பாலத்துல சிஸ்டர். தேடிக்கிட்டிருக்கோம். இன்னும் கிடைக்கல."

"கட்டில்ல உக்காந்து பாஸ்டி சாப்பிட்டுக்கிட்டிருக்கார். படகை மேல ஏத்தச் சொல்லு."

வெரிட்டி மூச்சு வாங்க வார்டுக்குள் ஓடிவந்தாள்.

"எங்க போனீங்க மிஸ்டர் ட்ரெம்பத்?"

"காணாமப் போகலாம்னுதான் கண்ணு கிளம்பினேன்," என்றார் டென்சில், கறி அடைத்த பாஸ்டிப் பணியாரத்தின் ஓரத்தைக் கடித்தபடி. "இந்த ஊர்ல அது முடியாது போல. மூலையில திரும்பறதுக்குள்ள ஸ்கூல் பஸ் டிரைவர் பார்த்துட்டான். ஏறு தாத்தான்னு ஏத்தி இங்கயே கொண்டுவந்து இறக்கிட்டான்."

மேஜைமேல் பை இருந்தது. ரொட்டி, நசுங்காமல். பால், சில்லிப்பு மாறாமல். முட்டை, ஒன்றுகூட உடையாமல். கூடவே பட்டியலில் இல்லாத ஒரு சாமான்: லாவண்டர் வாசனையுள்ள கைக் கிரீம்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்," என்று டென்சில் பழைய கப்பல் கயிறு மாதிரி இருந்த கைகளைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

வெரிட்டி எழுதினாள். பொருள் தேர்வு, நன்று. பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துதல், மிக நன்று. சுய பராமரிப்பில் ஆர்வம், தொடக்க நிலை. "நீங்க கிட்டத்தட்டப் பாஸ்," என்று அவருக்குச் சொன்னாள். டென்சில் பாஸ்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்று மிச்சத்தை அவர் சாப்பிடவே இல்லை.

கடல்மீட்புக்காரர்கள் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை படகின் படத்தைப் போட்டது. மஞ்சள் நாடா கட்டிய வீட்டின் படத்தையும் பக்கத்திலேயே போட்டது. வியாழக்கிழமை அடிலெய்டிலிருந்து வெரிட்டியின் மேலதிகாரி ஹெஸ்டர் அம்மையார் தானே வந்து பரீட்சையைப் பார்ப்பதாகக் கடிதம் வந்தது. ஒரு டீ, ஒரு பொரித்த முட்டை. அதற்குப் பிறகு அந்த நோயாளியைப் பற்றியும் வெரிட்டியைப் பற்றியும் முடிவெடுக்கப்படும்.

புதன்கிழமை காலை வெரிட்டி டென்சிலின் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு நீங்க நல்லாப் பண்ணணும். அவ்வளவுதான்."

"நான் பண்ணலன்னா உன்னை அனுப்பிடுவாங்களா?"

"தெரியல. அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. உங்களைப் பெலிகனுக்கு அனுப்பவிடமாட்டேன், அதுதான் எனக்கு முக்கியம். அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"ஏன் திரும்பி வரணும்?" என்றார் டென்சில்.

இந்தச் சோர்வைத்தான் கல்லூரியில் எச்சரித்திருந்தார்கள். வெரிட்டி அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நம்பிக்கையை விடக்கூடாது," என்றாள். டென்சில் எழுந்து உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்து, டோஸ்டரை இன்னும் தூரமாக வைக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சமையலறையில் இடமில்லை. ஹெஸ்டர் அம்மையார், நோலீன், லாக்லன், பெரிய டாக்டர் எல்லோரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். டாக்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்.

டென்சில் தொடங்கினார். கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். டீப் பையைக் கோப்பையில் போட்டார். ஜாடியைத் திறந்து, விரல் நுனியில் தொட்டு ருசி பார்த்து, சர்க்கரை என்று தெரிந்துகொண்டு போட்டார். வெரிட்டியின் கண் கலங்கியது. அடுப்பை மூட்டி, வாணலியில் வெண்ணெய் இட்டு, ஒரு கையாலேயே முட்டையை உடைத்து ஊற்றினார். ஓரம் பொன்னிறமாக, மஞ்சள் கரு கலங்காமல் வந்தது. பன்னிரண்டில் பதினோரு டிக். இன்னும் அடுப்பை அணைக்கவேண்டியது மட்டும்தான்.

ஹெஸ்டர் அம்மையார் குனிந்து வெரிட்டியின் காதில் சொன்னார். "அருமை. நாளைக்கே அனுப்பிடலாம்."

காதில் சொன்னதுதான். ஆனால் அந்த அம்மாள் முப்பது வருடம் காது மந்தமானவர்களோடு பேசிப் பழகியவர். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

டென்சில் கம்பியில் தொங்கிய துணியை எடுத்தார். நாலாக மடித்தார். தூங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி, எரிகிற அடுப்பின்மேல் அதை மெதுவாக வைத்தார்.

தீ கையளவுதான். ஆனால் கூரையில் இருந்த தண்ணீர்க் குழாய்களுக்கு அளவு தெரியாது. மணி அலறியது, மழை பெய்தது, ஆஸ்பத்திரி முழுவதும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. கட்டில்கள், சக்கர நாற்காலிகள், சலைன் கம்பங்கள், பெலிகன் கட்டிடத்து முதியவர்கள், பாதிச் சவரத்தில் ஒருவர். ஊர்த் தீயணைப்பு வண்டி வந்தது. அதை ஓட்டி வந்தவர்களில் இரண்டு பேர் கடல்மீட்புத் தொண்டர்கள். அவர்கள் வெரிட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழாயைப் பிரித்தார்கள்.

ஹெஸ்டர் அம்மையாரின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சூழல்..." என்று வெரிட்டி ஆரம்பித்தாள்.

"வெரிட்டி, நானும் சூழல்னுதான் பாடம் எடுக்கறேன். ஆனா அந்தத் துணியை வெச்சது சூழல் இல்ல. கையெழுத்தைப் போடு."

"அவர் சுதந்திரம் போயிடும், மேடம்."

"ஆஸ்பத்திரி போயிடும்," என்றார் நோலீன்.

வெரிட்டி ஒரு சக்கர நாற்காலியின் முதுகில் தாளை வைத்துத் தன் முதல் கையெழுத்தைப் போட்டாள். தனியாக வாழ இயலாதவர். ஈரத்தில் மை பரவியது. ஹெஸ்டர் அம்மையார் அதை வாங்கி விசிறி உலர்த்தியபடி, எட்டு மாதத்தில் நீ எடுத்த முதல் சரியான முடிவு இது, வேலையில் இருந்துகொள் என்றார். அந்தப் பாராட்டு வெரிட்டியின் காதில் ஏறவே இல்லை. ஒரு மனிதனைத் தோற்கவைத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டோமே என்று அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை அவளே டென்சிலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி நடைபாதை வழியாக அவரைப் பெலிகன் கட்டிடத்துக்கு அழைத்துப் போனாள். டென்சில் முகச்சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து, டை கட்டியிருந்தார். மானம் விடாத மனிதர் என்று வெரிட்டி நினைத்தாள். பாதி வழியில் அவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதையும், நடை வேகமாகிவிட்டதையும் அவள் கவனிக்கவில்லை. அவளுடைய கண்ணைக் கண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் எண் அறை வாசலில் அவர் திரும்பி அவளுடைய கையைப் பிடித்தார்.

"நீ ரொம்ப நல்ல பொண்ணு. எவ்வளவு சொன்னாலும் விடல. எனக்குத்தான் சில நாள் பயமாப் போச்சு."

"மன்னிச்சிடுங்க மிஸ்டர் ட்ரெம்பத். என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணினேன்."

"தெரியும் கண்ணு. அதைத்தான் சொல்றேன்."

அவர் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, நேராக வெளியே வந்து, பத்தாம் எண் அறைக்குள் நுழைந்தார். அங்கே ஜன்னலோரம் நாற்காலியில் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு வயதான அம்மாள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே பக்கத்து நாற்காலியில் இருந்த பத்திரிகைகளை எடுத்து அவருக்கு இடம் பண்ணிக்கொடுத்தார்.

வெரிட்டி நடைபாதையில் நின்று மூக்கைத் துடைத்தாள். பெலிகன் கட்டிடத்தின் சமையல்கார அம்மாள் ரெய்லீன் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரெய்லீன், அவரைக் கொஞ்சம் நல்லாப் பார்த்துக்கோங்க," என்றாள் வெரிட்டி. "அஞ்சு பரீட்சை வெச்சோம். எவ்வளவோ முயற்சி பண்ணினார், பாவம். முடியல. உள்ளுக்குள்ள உடைஞ்சு போயிருப்பார்."

ரெய்லீன் பத்தாம் எண் அறையை எட்டிப் பார்த்தார். ஒரே தட்டில் இரண்டு கோப்பையை எடுத்து வைத்தார்.

"உடையறதாவது கண்ணு, தினம் சாயங்காலம் இவர் இங்க வந்து, ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு உன் பரீட்சைக்குத்தானே படிச்சுக்கிட்டிருந்தாங்க, இந்தப் பென்ஹேலம்மா போன வருஷம் ஒரே தடவையில ஃபெயில் ஆனவங்க, அவங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக்கொடுத்தும் இவருக்குத்தான் அஞ்சு தடவை ஆயிடுச்சு."